இரண்டாம் முறையும் ஊதிப் பிடிபட்டவர்: அபராதம் போதுமா, மருத்துவரும் வேண்டுமா?

வாய்தா வக்கீல் (இழையைத் தொடங்கியவர்)

மதுரை வட்டாரத்து நீதிமன்றங்களில் மோட்டார் வாகன வழக்குகளைப் பார்த்துவருபவன் நான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடிபட்டு, அபராதம் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மோட்டார் வாகனச் சட்டத்தின் அதே 185ஆம் பிரிவில் மறுபடியும் வந்து நிற்கிறார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்பு முதல் முறைக்கு 2,000 ரூபாய் வரையிலும் மறுமுறைக்கு 3,000 ரூபாய் வரையிலும் இருந்த அபராதம் இப்போது 10,000, 15,000 என ஐந்து மடங்காகிவிட்டது. சிறைத்தண்டனை முதல் முறைக்கு ஆறு மாதம் வரை, மறுமுறைக்கு இரண்டு ஆண்டு வரை. மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பச் செய்தால்தான் அது இரண்டாவது குற்றம் என்றிருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் திரும்பி வருகிறார் என்றால், அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்றோ பதினைந்தாயிரம் ரூபாய் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை என்றோ சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அண்மையில் என்னிடம் வந்த ஒருவர், காலை பத்தரை மணிக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில் வக்காலத்தில் கையெழுத்திடும்போது பேனாவைக் காகிதத்தில் நிறுத்தவே முடியாமல், இடக்கையால் வலக்கை மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார். வாயில் ஏலக்காய். உள்ளே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் விதிக்கப்பட்டது, சில நிமிடங்களில் வழக்கு முடிந்துவிட்டது. அந்தக் கை ஏன் அப்படி நடுங்குகிறது என்று கேட்பது அந்த அறையில் இருந்த யாருடைய வேலையும் இல்லை, என்னையும் சேர்த்து.

மனநல மருத்துவத்திலோ காவல் துறையிலோ இருப்பவர்கள் இங்கே இருந்தால் அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒரு முறை மாட்டிக்கொண்டவரும் திரும்பத் திரும்ப மாட்டுபவரும் ஒரே வகை ஆட்கள்தானா? இல்லையென்றால், இருவருக்கும் தொகையை மட்டும் கூட்டிக் குறைத்து ஒரே தீர்ப்பை எழுதிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

ஒரே வகை இல்லை என்பதை ஊதச் சொல்லும் இடத்திலேயே பார்த்துவிடலாம், வக்கீல் ஐயா. கல்யாண வீட்டிலோ நண்பர்களோடோ என்றைக்கோ ஒரு நாள் குடித்துவிட்டு வந்து மாட்டுபவர், கருவியில் ஐம்பது அறுபது காட்டும்போதே தள்ளாடுவார், அழுவார், தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்வார், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று காலில் விழப் போவார். பழகியவர் எந்த வம்பும் செய்ய மாட்டார். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, கேட்பதற்கு முன்பே உரிமத்தை எடுத்து நீட்டுவார். பேச்சு தெளிவாக இருக்கும். ஊதினால் நூற்று எண்பது, இருநூறு என்று வரும். சட்டம் சொல்லும் வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைப் போல ஆறு மடங்கு உடம்பில் இருக்கும் நிலையில் ஒரு மனிதர் சாவியை எண்ணிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போவதைப் பார்த்துப் புதிதாக வந்த காவலர்கள் கருவி பழுது என்றே நினைப்பார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அபராதத் தொகையைவிட, மாட்டுவோம் என்ற நினைப்புத்தான் ஆளைத் தடுக்கிறது. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் தணிக்கை நடக்கிறது என்பது இன்று வாட்ஸ்அப்பில் பத்து நிமிடத்தில் ஊர் முழுவதும் தெரிந்துவிடுகிறது. மாட்ட மாட்டோம் என்று நம்புகிறவனுக்கு அபராதம் லட்சமாக இருந்தாலும் ஒன்றுதான். நோய், மருத்துவம் என்று பேசத் தொடங்குவதற்கு முன் தணிக்கையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

மாவட்ட மருத்துவமனை மனநல மருத்துவர்

எஸ்.ஐ. ஐயா கண்ணால் கண்டு சொன்னதைத்தான் எங்கள் பாடநூல்கள் தாங்குதிறன் என்கின்றன. நூற்று எண்பதிலும் தெளிவாகப் பேசுகிறவருடைய மூளை, பல ஆண்டுகளாக நாள்தோறும் மதுவோடு இயங்கிப் பழகிவிட்டது. வக்கீல் ஐயா கண்ட நடுக்கம் அதே நோயின் மறுபக்கம். கடைசியாகக் குடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மூளைக்கு வழக்கமான மது கிடைக்காதபோது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். அதை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து இன்னொரு கட்டிங்தான். தெளிவாகப் பேசிக்கொண்டு ஊதியவரும், நடுங்கிக்கொண்டு கையெழுத்திட்டவரும் ஒரே நோயாளியின் இரவும் பகலும் என்று வைத்துக்கொள்ளலாம்.

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபடுகிறவர்களைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நியூ மெக்சிகோ மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டியதாகத் தண்டிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நேர்கண்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 91 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 85 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுப் பயன்பாட்டுக் கோளாறு இருந்தது தெரியவந்தது. ஆண்களில் 38, பெண்களில் 32 விழுக்காட்டினருக்கு வேறு போதைப்பொருள் கோளாறும் இருந்திருக்கிறது. மதுக் கோளாறு உடையவர்களுள் பெண்களில் சரிபாதிப் பேருக்கும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் போதை சாராத இன்னொரு மனநோயும் இருந்தது. அவற்றில் முதன்மையானவை மனச்சோர்வும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயும். பின்னர் மாசசூசெட்ஸில் திரும்பத் திரும்பப் பிடிபட்டவர்களை மட்டும் எடுத்து, 2007இல் வெளியிட்ட ஆய்விலும் பொது மக்களைவிட அவர்களிடம் இருமுனைக் கோளாறு, பதற்ற நோய், பேரதிர்ச்சி நோய் ஆகியவை கூடுதலாகவே காணப்பட்டன.

இந்த விழுக்காடுகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. அங்கே பெண்களும் பெருமளவில் குடிக்கிறார்கள், ஓட்டுகிறார்கள். இங்கே நிலைமை வேறு. ஆனாலும் என் புறநோயாளிப் பிரிவில் ஓட்டுநர்களிடம் கேட்கும்போது அந்த வரிசை எனக்குப் பழக்கமானதாகவே இருக்கிறது. தூக்கமில்லை என்று தொடங்கிய குடி, குடியால் மேலும் கெட்ட தூக்கம், மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை, இரண்டும் சேர்ந்த நிலையில் ஸ்டியரிங். மூச்சுக் கருவிக்கு மதுவைத்தான் தெரியும். ஒரு கட்டிங்கோடு அல்பிரசோலம் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் கருவியில் நாற்பதுதான் காட்டுவார், ஆனால் நூற்றைம்பது காட்டுகிறவரைவிட மோசமாக ஓட்டக்கூடும். 2019 திருத்தத்தில் ஆய்வகப் பரிசோதனையையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், சாலையோரத் தணிக்கையில் யாரும் அதுவரை போவதில்லை.

மனச்சோர்வு முன்னே வந்ததா, குடி முன்னே வந்ததா என்று உறவினர்கள் கேட்பார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது அதற்கு விடை சொல்ல முடியாது. இரண்டு முதல் நான்கு வாரம் மதுவே இல்லாமல் இருந்த பிறகும் சோர்வு நீடித்தால், அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும். பலருக்கு அந்த இடைவெளியிலேயே பாதி தெளிந்துவிடும். இதைக் கண்டறிய நான்கு வாரம் தேவைப்படுகிறது. நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்.

தம்பியை இழந்தவன்

இந்த இழையை மூன்று நாளாகப் பொறுமையோடு படித்துவந்தேன். என் தம்பி இரவுப் பணி முடித்து இரு சக்கர வண்டியில் வரும்போது, குடித்திருந்த ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்தான். அந்த ஆளுக்கு அது முதல் முறை இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மன அழுத்தம், தூக்கமின்மை என்று மருத்துவர் அடுக்குவதைப் படிக்கும்போது, அவனுடைய வக்கீல் நாளைக்கு இதையே ஒரு சான்றிதழாக்கி நீதிபதி முன் வைப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். இதே ஆட்கள் கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் துளி தொடாமல் இருக்கிறார்களே, அது எப்படி? ஐயப்பனுக்குப் பயந்து நிறுத்த முடிகிறவனுக்குச் சாலையில் போகிற மனிதனுக்காக ஒரு மாலை நேரம் நிறுத்த முடியாதா? முடியும். அவனுக்கு மனமில்லை. அதை நோய் என்று சொல்வது எங்களைப் போன்றவர்களை இன்னொரு முறை அடிப்பதாகும்.

வாய்தா வக்கீல்

உங்கள் இழப்பின் முன் வாதாட எனக்கு விருப்பமில்லை, ஐயா. ஆனால் சட்ட நிலையை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த அச்சம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக. தானாக விரும்பிக் குடித்தவர் போதையைக் காட்டிப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகளில் இருந்த அந்த விதி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24ஆம் பிரிவுகளில் தொடர்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது என்பது உண்மைதான். அது அவருக்கு மருத்துவம் பெறும் உரிமையைத் தருகிறதே ஒழிய, குற்றத்திலிருந்து விடுதலையைத் தரவில்லை. நான் பேசுவது உயிர்ச்சேதம் நேர்வதற்கு முன்னால், வெறும் 185ஆம் பிரிவோடு வந்து நிற்கும் அந்த நாளைப் பற்றி. உங்கள் தம்பி மீது மோதியவரும் அதற்கு முன் ஒரு நாள் அப்படி நின்றிருப்பார் அல்லவா?

மாவட்ட மருத்துவமனை மனநல மருத்துவர்

மாலையைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதை நான் வாரத்தில் ஒரு முறையாவது கேட்கிறேன், பெரும்பாலும் நோயாளியின் தாயாரிடமிருந்து.

மாலை போட்டு நிறுத்த முடிகிறவர்களும் உண்டு, மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வந்து எங்கள் வார்டுக்குத் தூக்கிவரப்படுகிறவர்களும் உண்டு. மதுவைத் திடீரென நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நாள் கிழமை தெரியாமல், இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்துப் பிதற்றும் பேதலிப்பு நிலை வரலாம். அது உயிரையே பறிக்கக்கூடியது. நிறுத்த முடிந்தவர்களின் நிலையைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். விடியற்காலைக் குளியல், வேளை தவறாத உணவு, கூடவே மாலை போட்ட நான்கு பேர், "சாமி" என்று மரியாதையோடு அழைக்கும் தெரு, குடிக்கும் கூட்டாளிகள் தாமாகவே விலகி நிற்பது ஆகியவை எல்லாம் அந்த நாட்களில் அவருக்கு ஒருசேரக் கிடைக்கின்றன. மாலையைக் கழற்றிய அன்று அத்தனையும் போய்விடுகின்றன. மனம் மட்டும் இருந்தால் போதும் என்பதற்கு இது சான்றாகாது. அவரைச் சுற்றி ஒரு கட்டு இருந்தால் முடியும் என்பதற்கே சான்று.

மனமில்லாதவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்களில் சட்டத்தையும் மருத்துவத்தையும் சேர்த்தே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் பரிசோதித்தால்தான் பிரித்தறிய முடியும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் படிவம் ஒன்று இருக்கிறது. எட்டோ அதற்கு மேலோ மதிப்பெண் வந்தால் குடி தீங்கு தரும் அளவில் இருக்கிறது, இருபதைத் தொட்டால் அடிமைநிலை இருக்கக்கூடும் என்று பொருள். கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

குடிநோய் ஆலோசகர், பாஸ்டன்

மருத்துவர் குறிப்பிட்ட மாசசூசெட்ஸில்தான் பணிபுரிகிறேன் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். இங்கே இரண்டாம் முறை பிடிபட்டவருக்குச் சிறைக்கு மாற்றாக, இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு பதினான்கு நாள் உள்ளிருப்புச் சிகிச்சையை நீதிமன்றம் விதிக்க முடியும். சிகிச்சைச் செலவு அவருடையது. 2007 ஆய்வில் பங்கேற்றவர்கள் இப்படிச் சிகிச்சைக்கு வந்தவர்கள்தான். திரும்பத் திரும்பக் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரால் உயிரிழந்த 13 வயதுச் சிறுமியின் பெயரால் 2005இல் வந்த மெலனி சட்டத்தின்படி, இவர்கள் உரிமத்தைத் திரும்பப் பெறும்போது, ஊதினால்தான் இயந்திரம் கிளம்பும் கருவியை வண்டியில் பொருத்த வேண்டும். அந்தக் கருவி இருக்கும் வரை நன்றாக வேலை செய்கிறது. கழற்றிய பிறகு அதன் பயன் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டியைப் பூட்டியாகிவிட்டது, ஆளுக்கு எதுவும் செய்யவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

எஸ்.ஐ. ஐயாவின் கட்சிக்கு வலுச் சேர்க்கும் ஒன்றும் இங்கே உண்டு. தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2005இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, திரும்பத் திரும்பப் பிடிபட்டவர் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் நேரில் வந்து ஊத வேண்டும். மது இருந்தால் அப்போதே உள்ளே. ஆனால் ஒரு நாள் போலக் குறுகிய காலத்திற்கு மட்டும். ஆண்டுக்கணக்கான தண்டனை எதுவும் கிடையாது, தப்பவும் முடியாது. ராண்ட் ஆய்வு நிறுவனத்தினர் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்திட்டம் வந்த மாவட்டங்களில் குடித்துவிட்டு ஓட்டி மீண்டும் கைதாவது 12 விழுக்காடும், குடும்ப வன்முறைக் கைதுகள் 9 விழுக்காடும் குறைந்தன. இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சாலைக்காகச் செய்த ஏற்பாடு வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஸ்டுட்கார்ட் வாசி

ஜெர்மனியில் ஒருவர் திரும்பத் திரும்பக் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டாலோ, ஒரே ஒரு முறை ஆனாலும் இரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 என்ற அளவை எட்டினாலோ, மருத்துவ உளவியல் பரிசோதனையில் தேறாமல் உரிமம் திரும்பக் கிடைக்காது. அந்த 1.6 என்பது எஸ்.ஐ. ஐயா சொன்ன கணக்கில் ஏறத்தாழ நூற்று அறுபது. பழக்கமில்லாதவர் அந்த அளவில் வண்டியைக் கிளப்பவே முடியாது, கிளப்பினார் என்றாலே நாள்பட்ட குடியாக இருக்கலாம் என்று கருதித்தான் அந்தப் பரிசோதனையைக் கேட்கிறார்கள். பல மாதங்கள் மதுவைத் தொடவில்லை என்பதற்குச் சிறுநீர் அல்லது தலைமுடிப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். இங்கே மக்கள் அதைக் கேலியாக "முட்டாள் பரீட்சை" என்பார்கள். ஆனாலும் அதற்கு அஞ்சுவார்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

காலையும் மாலையும் ஊதுவது நமக்குப் புதிதொன்றும் இல்லை. நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தவர்கள் நாள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திடுகிறார்கள். அந்த மேசையில் ஒரு கருவியை வைத்தால் முடிந்தது. ஆனால் ஊதி மது வந்தால் அடுத்து என்ன செய்வது? ஆளை எங்கே வைப்பது, எந்தப் பிரிவில் வைப்பது? இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வரும் என்று மருத்துவர் இப்போது சொன்னாரே, அது லாக்கப்பில் வந்தால் அந்த நிலைய எழுத்தர் முதற்கொண்டு எல்லாருக்கும் வேலை போகும். உள்ளே அடைத்த குடிகாரன் இரவில் பிதற்றுவதை நடிப்பு என்று விட்டுவிட்டு, பிறகு ஓடியிருக்கிறோம். சம்பந்தப்பட்டவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஐதராபாத்தில் வழக்கு நீதிமன்றம் போவதற்கு முன்பே, பிடிபட்டவரைக் குடும்பத்தாரில் ஒருவரோடு போக்குவரத்துப் பயிற்சி நிலையத்திற்கு வரவழைத்து அறிவுரை வகுப்பில் உட்கார வைக்கும் பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. நூறு பேரை ஒன்றாக உட்கார வைத்து விபத்துப் படம் காட்டினால் முதல் முறை மாட்டியவர் திருந்தக்கூடும். இருநூறு காட்டியவர் அங்கேயும் நடுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

குட்டி யானை வீட்டுக்காரி

நான் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் நீங்கள் பேசுவது எங்கள் வீட்டைப் பற்றி. என் கணவர் சரக்கு ஏற்றும் குட்டி யானை ஓட்டுகிறார். இரண்டு முறை வழக்கு ஆகிவிட்டது. இரண்டு முறையும் அபராதம் கட்டியது என் காதிலும் கழுத்திலும் இருந்ததை அடகு வைத்து. உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். வண்டித் தவணை நிற்கவில்லை என்பதால் உரிமம் இல்லாமலேயே ஓட்டினார். அவருக்கு விழுந்த தண்டனையில் அவர் பட்டது எது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

அவருடைய அப்பா இறந்த பிறகு இரவில் தூக்கம் போனது; அதற்கு முன்பும் குடிப்பார், ஆனால் காலையில் குடித்ததில்லை. தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தோம். விடியற்காலையில் நான்கு பேர் வந்து கையைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து வந்தார். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் குடித்தார். பிறகு விளம்பரத்தைப் பார்த்து, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் சொட்டு மருந்து ஒன்றை வாங்கிச் சாம்பாரில் ஊற்றிக் கொடுத்துவருகிறேன். அதைச் சாப்பிட்ட இரவுகளில் குடித்துவிட்டு வந்தால் முகம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார். இதைத் தொடரலாமா, டாக்டர்?

மாவட்ட மருத்துவமனை மனநல மருத்துவர்

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், அம்மா. பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் டைசல்பிரம் என்ற மருந்துக்கு உரியவை போலத் தெரிகின்றன. மது உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருள் வெளியேறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. தான் அதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்த நோயாளி குடிப்பதற்கு அஞ்சுவார். அந்த அச்சம்தான் மருத்துவம். தெரியாதவர் வழக்கம்போல அரை பாட்டில் குடிப்பார், இரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கவும் கூடும். அவர் அந்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நிறுத்திய பிறகும் அதன் விளைவு இரண்டு வாரம் வரை உடலில் இருக்கலாம். எனவே அவரிடம் சொல்லிவிடுவது பாதுகாப்பு. கோபப்படுவார். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு மறுபடியும் நெஞ்சைப் பிடித்தால் 108ஐ அழைத்து, இந்த மருந்தைக் கொடுத்த விவரத்தை மறைக்காமல் கூறுங்கள்.

குடியையும் அவராகவே ஒரே நாளில் நிறுத்த விடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். முதல் வாரம் நடுக்கத்திற்கும் வலிப்புக்கும் மருந்தும், தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் தருவோம். பிறகு தூக்கமின்மையையும் அப்பா இறந்த துக்கத்தையும் தனியாகப் பார்ப்போம். ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரையைக் கல்லீரல் நிலையைப் பார்த்துத் தரலாம். வர மறுத்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் நீங்கள் மட்டும் பேசுங்கள். கையைக் கட்டி வேனில் ஏற்றியது சட்டப்படியும் தவறு. நோயாளியின் ஒப்புதல் இல்லாத சேர்க்கைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன, அதுவும் முதலில் முப்பது நாளுக்கு மேல் போகக் கூடாது.

உங்கள் நிலை தனி ஒருவருடையது அன்று. எய்ம்ஸ் மருத்துவமனை முன்னின்று நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். எங்களைத் தேடி வராத இந்த மீதிப் பேரை அரசின் ஏதோ ஒரு கை தொடுகிறது என்றால், அது பெரும்பாலும் சாலையோரத்தில் ஊதச் சொல்லும் காவலரின் கைதான். அதனால்தான் அந்த இடத்திலேயே ஆடிட் படிவத்தைக் கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

டிராவல்ஸ் நடத்துபவர்

எங்கள் ஷெட்டில் வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர்கள் ஊத வேண்டும். இரவுக் குடி காலை ஆறு மணிக்கும் இருக்கும் என்பதை இந்தக் கருவி வைத்த பிறகுதான் கண்டோம். பிடிபட்டவரை வேலையை விட்டு அனுப்பினால், அடுத்த வாரமே கருவி இல்லாத இன்னொரு நிறுவனத்தின் பேருந்தை ஓட்டுகிறார். இப்போது சில வாரம் வண்டி கழுவும் இடத்தில் அரைச் சம்பளத்தில் போட்டு, மருத்துவரின் சீட்டைக் கொண்டுவந்தால் மீண்டும் ஸ்டியரிங் தருகிறோம். இதில் எனக்கு நட்டம்தான். ஆனால் விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் வசூலிக்க வந்தால் அதைவிடப் பெரிய நட்டம்.

தம்பியை இழந்தவன்

மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு சொல்லவும் முடியாது. ஆனால் மருத்துவம் முடியும் வரை அவர் கையில் வண்டி இருக்கக் கூடாது. அதற்கு இந்தச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதை மட்டும் வக்கீல் சொல்லட்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில், குடிபோதையால் என்று பதிவானவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு என்கிறது அரசின் அறிக்கை. மோதியவருக்கு உரிய நேரத்தில் இரத்தம் எடுக்காவிட்டால் அந்தக் கணக்கில் அவர் வரவே மாட்டார் என்பதை எங்கள் வழக்கில் கண்டோம்.

வாய்தா வக்கீல்

வழி இருக்கிறது, யாரும் அதில் நடப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 19ஆம் பிரிவின் முதல் உட்பிரிவே, ஒருவர் வழக்கமான குடிகாரர் என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், அவருடைய தரப்பைக் கேட்டபின் உரிமத்தைத் தடைசெய்யலாம் என்கிறது. இது நீதிமன்றத் தண்டனையைச் சார்ந்தது அன்று. நடைமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்று மாத நிறுத்தத்தோடு விட்டுவிடுகிறது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் சொன்னது குறைந்தது மூன்று மாதம் என்று. அந்தக் குறைந்த அளவே இங்கே முழு அளவாகிவிட்டது.

நீதிமன்றத்தின் பக்கம், 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. முன்பு தண்டனை பெற்றவருக்கு அது பொருந்தாது என்று அதில் இல்லை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பார்த்து, பிணைமுறி எழுதி வாங்கி, மது உட்பட போதை தரும் எதையும் தொடக் கூடாது என்பதையே நிபந்தனையாக விதிக்கலாம். அந்தச் சொற்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. அரசு மருத்துவமனைச் சிகிச்சையையும் நாள்தோறும் ஊதுவதையும் அதோடு சேர்த்துக் கேட்க முடியும் என்பது என் கருத்து. ஒரே தடை, மருத்துவரிடம் சொன்னது நீதிமன்றத்துக்குப் போய்விடுமோ என்று கட்சிக்காரர் அஞ்சுவது. மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மறைகாப்பைத் தருகிறது. எனவே வந்தாரா, ஊதியதில் மது இருந்ததா என்ற இரண்டை மட்டும் மருத்துவமனை தெரிவித்தால் போதும் என்று மனுவிலேயே எழுதிவிடலாம்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

அந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை நானும் இன்று எடுத்துப் பார்த்தேன். நிபந்தனையை முதல் முறை மீறினால் 9ஆம் பிரிவின்படி அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாதாம். ஒரு குவார்ட்டரின் விலைகூட வராது, வக்கீல் ஐயா.

வாய்தா வக்கீல்

அதே பிரிவில், அதற்கு முன்னால் உள்ள கூறையும் படியுங்கள். ஐம்பது ரூபாயோடு விடுவதா, மூலக் குற்றத்திற்கே உடனடியாகத் தண்டனை விதிப்பதா என்பது நீதிபதியின் விருப்பம். இரண்டாவது குற்றம் என்றால் இரண்டு ஆண்டு சிறை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். முதல் மீறலிலேயே குறுகிய சிறையைக் கேட்பது அரசுத் தரப்பின் வேலை. அவர்கள் கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

கை நடுங்கியவரின் வழக்கு முடிந்துவிட்டது, அவருக்கு இனி இதில் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொருவரின் இரண்டாவது வழக்கு அடுத்த மாதம் வாய்தாவில் இருக்கிறது. ஆடிட் மதிப்பெண்ணோடும் மாவட்ட மருத்துவமனைக் கடிதத்தோடும் 4ஆம் பிரிவின் கீழ் மனுப் போடப்போகிறேன். 185ஆம் பிரிவு வழக்கில் இப்படி ஓர் உத்தரவைத் தமிழ்நாட்டில் யாராவது வாங்கியிருந்தால், வழக்கு எண்ணை இங்கே பதிவிடுங்கள்.